நான்காவது வரி

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் வகுப்பு,
மழைக்கு முந்தைய புழுக்கம்.
பிள்ளைகள் முப்பத்திரண்டு, கத்தரிக்கோல் இருபத்தொன்பது.
பூங்கோதை என்று சொல்ல நாக்கு வளையாதவர்களுக்கு
நான் மிஸ் பூங்.

அறிவிப்புப் பலகை பற்றிய பாடம்.
திரையில் சிவப்பு வட்டங்கள், குறுக்கே கோடு,
உள்ளே பந்து, சைக்கிள், சிகரெட்,
முள்ளோடு ஒரு டுரியான்.
இவை என்ன சொல்கின்றன?
கூடாது! என்றது வகுப்பு,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற அதே ராகத்தில்.

சரி, நீங்கள் செய்யப்போவது
கூடும் என்று சொல்லும் பலகை.

ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.
தமிழில் சொல்லியிருந்தால்
அந்தச் சொல்லுக்குள் ஒரு கூடும்
கிடைத்திருக்கும் அவர்களுக்கு.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
அதுக்கு என்ன கலர், மிஸ்? என்றான் லோகிதன்.
தெரியவில்லை.
பச்சை என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்,
விட்டிருந்தால் முப்பத்திரண்டு பச்சை வந்திருக்கும்.

கைஷுவானின் பலகைப்படி
மின்தூக்கிக்குள் பாடலாம், ஆறாவது மாடி வரை.
ரய்யானுடையதில் அழலாம்:
ஒரு மேசை, மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்.
இது இடம் பிடிக்கவா, மூக்குச் சிந்தவா?
ரெண்டுக்கும், என்றான்.
லோகிதன் ஊதாவில் முடித்தான்.
நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரலாம்.
உட்கார்ந்தும் காட்டினான்.

இஃபாவின் தாளில்
அடிவிளிம்பை ஒட்டிக் கட்டைவிரல் அளவுக்கு
ஒரு மீன்தலை, ஓர் அம்புக்குறி,
சுருண்டு படுத்த ஏதோ ஒன்று.
அதற்கு மேலே முழுக்க வெள்ளை.

மேலே இடம் இருக்கிறதே, என்றேன்.
தலையசைத்தாள்.
இடம் இருந்ததை அவளும் மறுக்கவில்லை.

சிவப்பு மை பிள்ளைகளைப் புண்படுத்துமாம்,
அதனால் பச்சையில் எழுதினேன்:
தாளை முழுமையாகப் பயன்படுத்தவும்.
தளவமைப்பு, பத்துக்கு ஐந்து.
வெள்ளியன்று திருப்பிக் கொடுத்தேன்.
இரண்டாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, யீஷூன்.
தோழியைப் பார்க்கப் போன புளோக்கின் கீழ்த்தளத்தில்
என் பை கிழிந்து
ஓர் எலுமிச்சை உருண்டோடியது.
பின்னாலேயே குனிந்து போனேன்,
ஒரு தூணின் அடி வரை.

அங்கே, தரையைத் தொட்டபடி,
நாலு மூலையிலும் டேப் ஒட்டி,
நடுவில் மடிப்புக் கோட்டோடு,
என் பச்சை ஐந்தோடு,
அந்தத் தாள்.
மீன்தலை சரியாக
ஒரு பூனையின் மூக்கு உயரத்தில் இருந்தது.
அம்பு காட்டிய மூலையில்
பழைய டீ-சட்டை ஒன்று, அதில் கொஞ்சம் ரோமம்.
மேலே விட்டிருந்த வெள்ளை
நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்கானது.
எங்களிடம் சொல்ல அதற்கு ஒன்றுமில்லை.

அதே தூணில் ஆள் உயரத்தில்
கண்ணாடிச் சட்டமிட்ட அறிவிப்பு,
உணவுப் பொருளைத் தரையில் விட்டுச் செல்லாதீர்,
நான்கு மொழிகளில்.
என்னுடையது வழக்கம்போல் நான்காவது வரி.
எந்தப் பலகையைப் பார்த்தாலும்
என் கண் முதலில் அடிக்குத்தான் போகும்,
எழுத்துக்கூட்டத் தொடங்கிய நாளிலிருந்தே அப்படி.
அன்று வகுப்பில் மட்டும்
எங்கே போயிருந்தது அது?

எலுமிச்சை அகப்படவில்லை.
முழங்கால் வலிக்கும் வரை
அங்கேயே குந்தியிருந்தேன்.
பெருக்கிக்கொண்டு வந்தவர்
என்னையும் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்,
தாளையும்.

திங்கட்கிழமை இஃபாவைக் கூப்பிட்டேன்.
அந்தத் தாளை நாளைக்குக் கொண்டுவா,
மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தாள்,
பொறுமையாக, ஓர் அதிகாரியைப் போல.
கூடாது, மிஸ் பூங்.
அது இன்னும் படித்து முடிக்கவில்லை.